மலையைச் சுற்றிப் பர்மா சென்றவர்

திருவண்ணாமலையின் எல்லையைத் தாண்டாமலேயே மோட்டார் சைக்கிளில் பர்மாவுக்குப் போய்ச் சேர்ந்த மனிதர், நான் அறிந்தவரை, இப்பூவுலகில் ஒருவரே. ஊரார் அவரைப் பர்மா பாய் என்றழைத்தனர். அவருடைய இயற்பெயரை அவருடைய ரேஷன் அட்டை மட்டுமே அறியும்.

நான் எழுத்துக் கோத்துப் பிழைத்த அச்சகத்துக்கு அடுத்த கடை அவருடையது. காஸ் விளக்குகளுக்கும் பம்பு ஸ்டவ்களுக்கும் அங்கே வைத்தியம் நடக்கும். இளமையில் அவர் பர்மாவின் உட்பகுதிகளில், சாலை என்ற சொல்லையே கேட்டறியாத குக்கிராமங்களில், மோட்டார் சைக்கிளில் சென்று விளக்கு விற்றவர். அங்கேயே மா தின் என்னும் பர்மியப் பெண்ணை மணந்தார். அறுபதுகளில் பர்மிய அரசு நம்மவர்களைக் கப்பலேற்றி அனுப்பியபோது, அந்த அம்மையார் நடவு வேலைக்காகத் தாய்வீடு சென்றிருந்தார். ஆள் அனுப்பவும் அவகாசமில்லை. பாய் தனியே வந்து இறங்கினார். எழுதிய கடிதங்கள் எவற்றுக்கும் பதில் வரவில்லை.

“உட்டுட்டு வந்தது கூட பெரிசில்ல, பிரஸ்காரரே. சொல்லிக்காம வந்துட்டேன். அதான் உறுத்துது. ஒரு தடவ நேர்ல போயி சொல்லிட்டா போதும்” என்பார்.

போக வழியில்லை. எல்லை அடைபட்டுக் கிடந்தது. எழுபதுகளின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்ததும், பழைய இரும்பாக வாங்கி உயிர்ப்பித்த ஒரு மோட்டார் சைக்கிளை அவர் உதைத்துக் கிளப்பினார். ஒன்பது கோபுரங்களின் புறாக்களும் ஒருங்கே எழுந்து வானத்தை மறைத்தன. மலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கடைச்சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்தார்.

“ஒரு சுத்து ஒம்பது மைலு. பர்மாவுக்கு எத்தினி சுத்துன்னு உங்க அட்லாசப் பாத்து சொல்லுங்க.”

நூல் வைத்து அளந்தேன். இருநூற்றெழுபதுக்குச் சற்று மேல். வாரம் ஒரு சுற்று என்றால் ஐந்தாண்டுக்கும் மேல்.

“பாய், எத்தனை சுற்றினாலும் இதே ஊர்தானே?”

“அது எனக்குத் தெரியாதா? பைத்தியமா நானு? சும்மா உக்காந்திருந்தேன்னா, ‘நீ கெளம்பவே இல்லியே’ன்னு அவ கேப்பா. நான் என்னான்னு சொல்றது?”

அன்று முதல் அட்லாஸ் என் பொறுப்பாயிற்று.

தேநீர்க் கடைக்காரருக்கு இதைவிடச் சிறந்த பொழுதுபோக்கு வாய்க்கவில்லை. “இன்னா பாய், இன்னிக்கு எந்த ஊரு?” என்பார்.

“நெல்லூர் தாண்டிட்டேன். வெயிலு ஜாஸ்தி.”

“அப்டியே ரெண்டு மூட்ட அரிசி வாங்கியாந்திருக்கலாமே!”

“டீயில பால் கம்மியா ஊத்தறவனுக்கு அரிசி எதுக்குடா?”

மலைவலம் வந்த பெரியவர் ஒருவர், “பாயி, நீங்களும் அண்ணாமலையாரச் சுத்தறீங்களே, ரொம்ப சந்தோஷம்” என்று உருகினார். “நான் பர்மாவுக்குப் போறேங்க. வழியில உங்க சாமி இருக்காரு” என்று சலாம் வைத்து விரைந்தார் பாய்.

ஒருமுறை புறப்பட்டதுமே பாதையில் மரம் விழுந்து கிடந்ததால், வண்டியைத் திருப்பி எதிர்த்திசையில் மலையை முழுதும் சுற்றி, மரத்தை அகற்றிய பின் வீடு வந்தார். அன்று சுவரில் ஒரு கோட்டை அழித்தார். கல்கத்தாவை நெருங்கியிருந்தவர் ஒன்பது மைல் பின்வாங்கிவிட்டாராம். நாகர்மலைகளைக் கடந்த வாரங்களோ அக்கினி நட்சத்திரமாக அமைந்தன. தார் உருகும் வெயிலில் கம்பளி மப்ளர் சுற்றிக்கொண்டு புறப்பட்டார். “மலையில குளிரும்” என்றார். வேங்கிக்கால் பக்கமிருந்து வந்த ஒரு டாக்டர் வண்டியை நிறுத்தி அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்ததாகக் கேள்வி.

எல்லையைத் தாண்டியதும் மனிதர் மாறிவிட்டார். இனி அது அவர் அறிந்த நாடு. மாட்டுவண்டி எதிர்ப்பட்டால் எஞ்சினை அணைப்பார். பர்மாவின் எருதுகள் மிரளக்கூடியவையாம். மதகு வந்தால் இறங்கித் தள்ளுவார். மரப்பாலங்களை நம்பலாகாதாம். மலைசுற்றும் பாதையிலுள்ள அடி அண்ணாமலைக் கிராமத்தில் ஒரு மூதாட்டி குடிக்க நீர் கொடுத்தபோது, பர்மிய வழக்கப்படி இரு கைகளாலும் வாங்கி ஏதோ வாழ்த்தினார். அந்த அம்மாள், “புரியல, ஆனா நல்லாருக்குது. இன்னொரு வாட்டி சொல்லு” என்றாராம்.

பிறகு ஒரு வெள்ளியன்று வண்டி கிளம்பவில்லை. அடுத்த வெள்ளியும் கிளம்பவில்லை.

“என்ன பாய்?”

“சிண்ட்வின் ஆறு வந்துடுச்சு. பாலம் கெடையாது. படகுக்காக நிக்கறேன்.”

“இரண்டு வாரமாகவா?”

“ஆத்துல தண்ணி ஜாஸ்தி.”

அவர் முகத்தைக் கண்ட பிறகே எனக்கு விளங்கிற்று. அந்த மனிதருக்குப் பயம் வந்துவிட்டது. நெருங்க நெருங்க, அவள் என்ன சொல்வாளோ என்ற பயம். தேநீர்க் கடைக்காரரும் கண்டுகொண்டார் போலும். கேலியை நிறுத்திவிட்டு, மறுநாள் காலை, “பாய், தண்ணி வடிஞ்சிடுச்சாம். ரேடியோவுல சொன்னான்” என்று உரக்க அறிவித்தார்.

கடைசிக் கோட்டுக்குரிய வெள்ளியன்று பாய் சலவைச் சட்டை அணிந்து, கையில் மல்லிகைப் பந்துடன் அச்சக வாயிலில் நின்றார். “பிரஸ்காரரே, கூட வாங்க.”

பின்னிருக்கையில் அமர்ந்தேன். அடி அண்ணாமலையைக் கடந்ததும் எஞ்சினை அணைத்து, வண்டியை ஓரமாக நிறுத்தினார். எதிரே ஆளரவமற்ற மல்லாட்டைக் காடு, உச்சி சாய்ந்த வெயிலில் அசையாமல் கிடந்தது.

“ஊரு வந்துடுச்சு. நீங்க முன்னால போங்க. என்னப் பாத்தா கதவ சாத்திக்குவா. உங்கள மாதிரி மனுஷன் போனா உக்கார வெப்பா.”

“நான் என்ன சொல்லட்டும், பாய்?”

“சொல்லிக்காம போனவன் வந்திருக்கான்னு சொல்லுங்க.”

வரப்பில் நடந்தேன். வேர்க்கடலைச் செடிகளின் நடுவே நின்றேன். சிரிப்பதா, திரும்பிவிடுவதா என்று புரியவில்லை. இரண்டும் செய்யாமல், ஒரு பெண் தன் கோபத்தையெல்லாம் சொல்லி முடிக்க எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரம் தலைகுனிந்து அங்கேயே நின்றேன். பிறகு திரும்பி வந்தேன். பாய் என்னைப் பாராமல் மல்லிகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோபமாகத்தான் இருக்கிறார்கள்” என்றேன். “நிறையவே திட்டினார்கள். ஆனால் வெயிலில் நிற்க வேண்டாமாம். உள்ளே வரச் சொன்னார்கள்.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டையை நீவிக்கொண்டு, வரப்பில் தனியே நடந்து சென்றார்.

அவர் சொல்லிக்கொண்டு வரும்வரை, இருக்கை சூடேறிவிடாதபடி, என் நிழல் அதன்மேல் விழுமாறு நான் அவ்வண்டியின் அருகில் நின்றிருந்தேன்.