எங்கள் மிங்கா செத்துவிட்டதாகச் சீக்கிரம் கையெழுத்துப் போடக் கோரி

பெருமதிப்பிற்குரிய பேராசிரியை டாக்டர் ஃபானி எந்தாரா அம்மையார் அவர்களுக்கு, யூராக்பம்பா மேட்டு வாய்க்கால் சங்கத்தின் தலைவரும், தங்கள் மாணவி மாரிசேலா சம்ப்ரானோ தங்கியிருக்கும் வீட்டின் சொந்தக்காரருமான ரொசெந்தோ கிஷ்பே தலைதாழ்த்தி எழுதுவது. இங்கே நானும் என் மனைவி த்ரான்சிதோவும் பதினேழு கினிப்பன்றிகளும் சுகம். தலைநகர் கீத்தோவில் தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், ஒருவேளை கினிப்பன்றிகள் இருந்தால் அவையும், சுகமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன்.

தங்கள் மாணவி கடற்கரைப் பக்கத்துப் பெண் என்பதை நீங்கள் முன்கூட்டியே எழுதியிருந்தால் இன்னும் இரண்டு கம்பளி வாங்கி வைத்திருப்போம். வந்த அன்று பேருந்திலிருந்து இறங்கியவள் ஒரு மணி நேரம் பேசவே இல்லை. அடக்கமான பெண் என்று நினைத்தோம், பிறகுதான் தாடை விறைத்துப்போயிருந்தது தெரிந்தது. என்ன படிக்கிறாய் என்று கேட்டதற்கு, வளர்ச்சியின் அரசியல் பொருளாதாரத்தில் முதுகலை என்றாள். அரசியல், பொருளாதாரம், வளர்ச்சி மூன்றும் எங்கள் ஊருக்குத் தேர்தல் சமயத்தில் மட்டும் வந்துபோகிறவை, அதைப் படிக்க இரண்டு வருஷமா என்று த்ரான்சிதோ கேட்டாள். பெண் கோபித்துக்கொள்ளவில்லை, அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். அன்றிலிருந்து என் மனைவி அவளிடம் யோசித்துத்தான் பேசுகிறாள், அந்த வகையில் படிப்பால் எனக்கு நன்மைதான்.

அவளுடைய ஆய்வு, ரோஜாப் பண்ணைகள் வந்தபிறகு மலைக் கிராமங்களில் மிங்கா, அதாவது ஊரே கூடிச் செய்யும் பொதுவேலை, அழிந்துபோவதைப் பற்றியது. அழிந்துகொண்டுதான் இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து வாய்க்காலைத் தூர்வார வேண்டும், வராத வீட்டுக்கு அந்த வாரத் தண்ணீர் முறை கிடையாது என்பது சட்டம். இருந்தும் அறுபத்துநான்கு வீட்டில் இருபது வந்தால் பெரிது. பதினொரு வருஷமாக நான்தான் தலைவர், தொண்டை வற்றக் கூவியிருக்கிறேன். அப்படிப்பட்ட ஊரில், முதல் சனிக்கிழமை இந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா, கரையில் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று, யார் வந்தார், யார் வரவில்லை என்று பெயர் பெயராக எழுத ஆரம்பித்தாள். அம்மா, எங்கள் ஊரில் தெரியாத ஆள் ஒருவர் பெயர் எழுதினால் அது ஏதோ கொடுப்பதற்கு, இல்லையென்றால் பிடுங்குவதற்கு. இரண்டுக்கும் நேரில் இருப்பதே நல்லது. செய்தி பரவியது. பண்ணையில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தார்கள், கடையைப் பூட்டிவிட்டு வந்தார்கள், இடுப்பு உடைந்து படுத்திருப்பதாக ஊரே நம்பியிருந்த மனிதர் மண்வெட்டியைச் சுழற்றிக்கொண்டு வந்தார். மத்தியானத்துக்குள் அறுபத்துமூன்று வீடு. அடுத்த சனிக்கிழமையும் அறுபத்துமூன்று. வராத ஒரே வீடு கடைமடையிலிருக்கும் அபெலார்தோ பிலாதாக்ஸி, அவர் என் காலத்தில் ஒரு தடவைகூட வந்ததில்லை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெண்ணோ சூப்புக் கிண்ணத்துக்குள் அழுதுகொண்டிருந்தாள். மாதக் கடைசிக்குள் ஆய்வைக் கொடுக்காவிட்டால் உதவித்தொகை நின்றுபோகும், இரண்டு வருஷம் வீண், ஊருக்குத் திரும்பி அண்ணன் கடையில் மீன் நிறுக்க வேண்டியதுதான் என்றாள்.

"தோன் ரொசெந்தோ, அழியுதுன்னு அறுபது பக்கம் எழுதி வச்சிருக்கேன். உங்க ஊரு இப்படிப் பொங்கி வழிஞ்சா நான் எங்க போவேன்?"

வீட்டில் தங்கி, எங்கள் சோளத்தைத் தின்ற பெண் அழுதால் பார்த்துக்கொண்டிருப்பது மனிதத்தன்மையா? அவள் துணி துவைக்கப் போயிருந்த நேரத்தில் சபையைக் கூட்டினேன். நம் ஊரில் ஒற்றுமை அழிந்துவிட்டது என்பதை நிரூபிக்க அடுத்த சனிக்கிழமை ஒருவரும் மிங்காவுக்கு வரக்கூடாது, மீறி வருகிறவருடைய தண்ணீர் முறை வெட்டப்படும் என்று தீர்மானம் போட்டோம். ஒருமனதாக நிறைவேறியது. சபை வரலாற்றில் ஒருமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அதுதான் என்று செயலாளர் கண்கலங்கிச் சொன்னார்.

சனிக்கிழமை ஊர் கப்சிப். பெண் நோட்டோடு கரையில் தனியாக நின்றாள். ஜன்னல் இடுக்கில் பார்த்த எனக்கு மனசு குளிர்ந்தது. எட்டு மணிக்கு, சபைக்கே வராததால் விவரம் தெரியாத அபெலார்தோ, தோளில் மண்வெட்டியோடு வந்து நிற்கிறார். வாய்க்கால் முடியும் இடம்வரை நடந்து போய் அவரை நேரில் அழைத்த முதல் ஆள் இந்தப் பெண்தானாம், அதனால் வந்தாராம். இருவரும் கடைமடையில் ஆரம்பித்துத் தலைமடையில் இருக்கும் என் வயல்வரை பேசிக்கொண்டே நடந்து வந்தார்கள். மறுநாளே சபை கூடி, தீர்மானத்தை மீறிய குற்றத்துக்காக அவருடைய தண்ணீர் முறையை வெட்டியது. மனிதர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். திமிர்.

இப்போது சங்கடம் என்னவென்றால், அழிவு உறுதியாகத் தெரிய வேண்டும் என்று இன்னும் இரண்டு சனிக்கிழமை அழிந்திருந்தோம். நடுவில் மேலே மண் சரிந்து வாய்க்கால் முக்கால்வாசி அடைத்துக்கொண்டது. உருளைக்கிழங்கு வாடுகிறது, என் அவரை மட்டும் எப்படியோ பச்சையாக இருக்கிறது. ஊரார் வாசலில் வந்து, எப்போது மறுபடி உயிரோடு வரலாம் என்று கேட்கிறார்கள். ஆகையால் தாங்கள் தயைகூர்ந்து, மிங்கா செத்துவிட்டது, ஆய்வு சரி என்று வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், சனிக்கிழமை காலை அறுபத்துமூன்று வீடும் போய்த் தூர்வாரிவிடுவோம்.

தங்கள் படிப்பு மேலும் வளரவும், தங்கள் மாணவர்கள் எல்லோரும் தேறவும், தங்கள் வீட்டுக் குழாயில் என்றும் தண்ணீர் வரவும் வாழ்த்தி, த்ரான்சிதோவின் அன்பையும் சேர்த்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ரொசெந்தோ கிஷ்பே,
தலைவர்

பி.கு. தபாலில் சேர்க்கச் சொல்லி இதை அந்தப் பெண்ணிடமே கொடுத்தது என் புத்தி. படித்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டுச் சொன்னாள்:

"எனக்கு அன்னைக்கே தெரியும், தோன் ரொசெந்தோ. அறுபத்துமூணு வீடு கூடிப் பேசித்தானே வராம இருந்தீங்க? நான் தலைப்பையே மாத்திட்டேன். டாக்டரும் சரின்னுட்டாங்க."

புதுத் தலைப்பு, கடைமடைக்குத் தண்ணீர் ஏன் போவதில்லை என்பது. மூன்றாம் அத்தியாயம் முழுக்க 'வீடு எண் ஒன்று' பற்றி. அந்த வீட்டு வயலில், அவரைக் கொடிக்கு அடியில், இரண்டாவது மதகு ஒன்று இருக்கிறதாம். பதினொரு வருஷமாக இருக்கிறதாம். அபெலார்தோ அவளுக்குக் காட்டினாராம். பெயர் போடவில்லை என்று என்னைத் தேற்றினாள். த்ரான்சிதோ அடுப்படியிலிருந்தே, "இதைத்தான் நானும் பதினோரு வருஷமா சொல்றேன். நான் சொன்னா வாயாடி, அவ சொன்னா ஆராய்ச்சி" என்றாள்.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இன்று காலை அந்த மதகைக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்துவிட்டேன். சனிக்கிழமை மிங்கா உண்டு, முதல் தண்ணீர் முறை அபெலார்தோவுக்கு. எனவே மேலே மிங்கா செத்துவிட்டது என்று எழுதியதையும், திமிர் என்று எழுதியதையும் தாங்களே அடித்துவிடவும். அவள் தோற்றால் மூன்றாம் அத்தியாயத்தை ஒருவரும் படிக்கமாட்டார்கள், எனக்கு அதுதான் லாபம். இருந்தாலும் பாஸ் போட்டுவிடுங்கள், அம்மா.