சும்மா கிடைத்த மோட்டர்

திட்டம் போடுகிறவர்களில் ஒரு ரகத்தார் இருக்கிறார்கள். கையை விட்டுப் போகிற நோட்டு மட்டும்தான் அவர்களுக்குச் செலவு. மற்றதெல்லாம் காற்று. நேரம் காற்று, உடம்பு காற்று, வரி காற்று, அடுத்த மாதம் வரப்போகிற பில் அடுத்த மாதத்துக் காற்று. நீங்கள் வீடு கட்டும்போதோ கோயிலுக்குக் கூரை போடும்போதோ பக்கத்தில் வந்து நின்று, "இதுக்கு என்னாங்க செலவு? ஒண்ணுமே இல்ல" என்று சொல்லுகிறவர் யார்? அவரேதான். உங்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்கும். எங்களுக்கு வாய்த்தவர் றொனால்ட்.

தவறாக நினைக்க வேண்டாம். அடுத்தவர் காசில் ஒரு சதத்தைத் தொடாதவர். ஹட்டனில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் எஸ்டிமேட் எழுதுவதுதான் தொழிலே. நோர்வூட்டுக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில், நாற்பத்திரண்டு வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரக் குழு அமைத்தபோது அவரைத் தலைவராகப் போட்டதில் யாருக்கும் மறுப்பில்லை. நான் செயலாளர். அவர் சொன்னதையெல்லாம் ஒழுங்காக எழுதிக்கொண்டவன் என்பதால் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

அதுவரை பெண்கள் லயத்து வீடுகளிலிருந்து இருநூறு படி இறங்கி, பள்ளத்தில் ஓடைத் தண்ணீர் விழுகிற பீலியில் தண்ணீர் பிடித்து, இரண்டு கையிலும் கேன்களோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். மாற்று வழி இரண்டு இருந்தது. மலை உச்சியில் ஓர் ஊற்று. அங்கிருந்து குழாய் போட்டால் தண்ணீர் தானாக இறங்கும், ஆனால் தூரம் அதிகம். மற்றது, பள்ளத்துத் தண்ணீரை மோட்டர் வைத்து ஏற்றுவது. அந்த நேரம் பார்த்து நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் தன் பழைய மோட்டரைக் கழித்துப் போட, றொனால்ட் அதைக் கேட்டு வாங்கி, மாதா தேர் வருவது போல லொறியில் கொண்டுவந்து இறக்கினார். ஊற்றைப் பற்றி அதன்பிறகு யார் பேசுவார்கள்?

"மோட்டர் சும்மா. மண்ணு வெட்டுறது நம்ம ஆளுங்க, அதும் சும்மா. குழாய்க்கு மட்டும் வீட்டுக்கு ஐயாயிரம். அதுக்கு மேல ஒரு சதம் இல்ல" என்றார் கூட்டத்தில்.

கொழுந்து பறிக்கிற மரியநாயகி கையைத் தூக்கினார். "சும்மான்னா எப்படி தம்பி? மூணு நாள் மண்ணு வெட்டப் போனா, மலையில எனக்கு மூணு நாள் பேர் விழாதே. சம்பளம் போயிருமே."

"அது செலவு இல்லக்கா. வராத காசு."

"வராத காசுக்குக் கடைக்காரன் அரிசி குடுப்பானா?"

எல்லாரும் சிரித்தோம். றொனால்டும் சிரித்தார். நான் அதைக் குறிப்பில் எழுதவில்லை.

குழாய் வாங்க ஹட்டனுக்குப் போனோம். இரண்டு லட்சத்து ஏழாயிரம் என்று அவர் எழுதியது சரிதான். அதன் தலையில் பதினெட்டு வீதம் வற் வரி ஏறும் என்பதை மட்டும் எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன். "வரி செலவுல சேராதுங்க. அது அரசாங்கத்துக்குப் போறது" என்றார். பில் போட்ட பெண் நிமிர்ந்து பார்த்து, "எங்க போனாலும் உங்க கையில இருந்துதானே சேர் போகுது?" என்றாள். வசூலித்ததில் குறைந்த முப்பத்துநாலாயிரத்தையும் தன் சம்பளத்திலிருந்து போட்டார், பாவம். அதையும் செலவென்று எழுத விடவில்லை. அவருடைய மனைவி மெரினா நான்கு நாள் அவரோடு பேசவில்லை. அதற்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

தண்ணீர் வந்தது. பட்டாசு வெடித்தோம். குழந்தைகள் குழாயடியில் விழுந்து புரண்டார்கள். மாதம் முடிந்ததும் கரண்ட் பில் வந்தது.

அறுபது அறை ஹோட்டலுக்குத் தண்ணீர் ஏற்றிய மோட்டர் அது. எங்கள் நாற்பத்திரண்டு வீட்டுக்கும் அதே பசியோடுதான் கரண்டைத் தின்றது. வீட்டுக்கு ஆயிரத்து நூறு ரூபாய். முதல் மாதம் முணுமுணுத்துக்கொண்டு கட்டினார்கள், இரண்டாம் மாதம் சண்டை போட்டுக் கட்டினார்கள், மூன்றாம் மாதம் பதினேழு வீடுதான் கட்டியது, அதற்கடுத்த மாதம் மின்சாரக்காரர்கள் வந்து வயரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பெண்கள் மறுபடியும் படி இறங்கினார்கள். மழையில் வழுக்கி விழுந்த மரியநாயகிக்கு முழங்கால் பந்து போல வீங்கி, இரண்டு வாரம் வேலைக்குப் போக முடியவில்லை.

றொனால்ட் கூட்டம் கூட்டினார். முகம் கறுத்துப் போயிருந்தது. ஆனாலும் இந்த ரகத்தார் லேசில் விடுவார்களா?

"இவ்வளவு போட்டாச்சு. இப்ப விட்டா எல்லாம் வீணாப் போயிரும். இன்னும் ஒரு லட்சம் போட்டுச் சின்ன மோட்டரா..."

மரியநாயகி பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "போட்டது போட்டாச்சு தம்பி. நாம அழுதாலும் அது வராது. இனிமே எவ்வளவு போகும், மாசா மாசம் எவ்வளவு போகும், அத மட்டும் சொல்லுங்க."

றொனால்ட் பழைய எஸ்டிமேட்டைப் புரட்டினார். மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார்.

"சொல்லுங்களேன்" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். மெரினா.

மறுநாள் விடியும்போதே அவர் ஒரு வாளியோடும் கைக்கடிகாரத்தோடும் மலையேறிப் போனதை நான் பார்த்தேன். ஊற்றடியில் வாளி எத்தனை விநாடியில் நிறைகிறது என்று பத்துத் தடவை பார்த்தாராம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் புதிய எஸ்டிமேட் வந்தது. பழைய குழாயைத் தோண்டி எடுத்துப் பாவிப்பது, குறைகிற குழாய், அதற்கு வரி, மண் வெட்டுகிறவர்களுக்கு நாள் சம்பளம், மாதா மாதம் பழுது பார்க்க வீட்டுக்கு நூறு ரூபாய். எல்லாம் தனித்தனி வரியில். முடிவில், வீட்டுக்கு இன்னும் ஆறாயிரம். கூட்டம் "ஐயோ!" என்றது.

"என்னா ஐயோ?" என்றார் மரியநாயகி. "மோட்டருக்கு மாசம் ஆயிரத்து நூறு. இதுக்கு நூறு. ஆறு மாசத்துல சரியாப் போயிரும். அதுக்கப்புறம் மலை சும்மாதானே இறக்கிவிடும்?"

"சும்மான்னு சொல்லாதீங்கக்கா" என்றார் றொனால்ட், அடிபட்டவர் குரலில்.

இப்போது தண்ணீர் தானாக இறங்கி வருகிறது. றொனால்ட்தான் கணக்கு எழுதுவதில் உச்சிக்கு ஏறிப் போய்விட்டார். போன கூட்டத்துச் செலவில் தேத்தண்ணி பதினொன்று, பிஸ்கட் ஒரு பக்கெட், அதற்கு வரி, கதிரை தூக்கிய தர்ஷனுக்கு அரை மணி நேரக் கூலி என்று எழுதி, என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

நீங்கள் இந்த ரகமில்லை, தெரியும். ஆனால் போன மாதம் நுவரெலியாவில் கரட் மலிவு என்று அரை நாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறிப் போய், கிலோவுக்கு முப்பது ரூபாய் மிச்சம் பிடித்த பெருமையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்தீர்களே, ஞாபகமிருக்கிறதா? பக்கத்து சீட்டில், மடியில் உங்களைவிடப் பெரிய கரட் பையோடு உட்கார்ந்திருந்தவன் நான்தான்.