ரோமானிய மோதிரம், அளவு பதினைந்து

அது வாஷர் என்று பதிவம்மாவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. குழாய்க்குள் போடுகிற பித்தளை வாஷர். லேசாகப் பச்சை பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் அதைக் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்த தொப்பிக்காரப் பெரியவரின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"ஏதாவது தேறுமாம்மா?" என்று கேட்டார் அவர்.

அந்தச் சின்ன அருங்காட்சியகத்தில் பதிவம்மாவுக்கு ஒரே வேலைதான். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் ரோமானியர்கள் வாழ்ந்துவிட்டுப் போன வட்டாரம் அது. வயலிலோ தோட்டத்திலோ பழைய காசு, ஓடு, பானைச் சில் எது கிடைத்தாலும் சனிக்கிழமைகளில் அவள் மேசைக்குக் கொண்டுவரலாம். அளந்து, எடை போட்டு, படம் எடுத்து, கிடைத்த இடத்தை வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியாகக் குறிப்பாள். மேசை போட்டு மாதங்கள் ஆகியும் வரைபடத்தில் ஒரு புள்ளி விழவில்லை. "இப்படியே போனா மேசையைத் தூக்கிட வேண்டியதுதான்" என்று மேலாளர் அவள் காதுபடவே சொல்லிக்கொண்டிருந்தார்.

இவர்தான் முதல் ஆள்.

"ரோமானிய மோதிரமா இருக்கலாங்க" என்றாள் பதிவம்மா. சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பெரியவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "மோதிரமா?"

"இருக்கலாம். எங்க கிடைச்சுது?"

"வீட்டுல... வீட்டுப் பக்கம்தான்."

"ரொம்ப ஆழத்துலயா?"

"அப்படி ஒண்ணும் இல்லம்மா. கொஞ்சம் திருகினதும் வந்துடுச்சு."

அவள் முதல் புள்ளியை வைத்தாள். பதிவில் 'மோதிரம்' என்று எழுதி, மனசாட்சிக்காகப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டாள். ஒரு பெரியவர் மனசு குளிர்ந்தால் ரோம சாம்ராஜ்யம் ஒன்றும் முழுகிப் போய்விடாது என்று நினைத்துக்கொண்டாள்.

மேலாளர் வாசல் கரும்பலகையில் 'நம் வட்டாரத்தின் முதல் ரோமானிய மோதிரம்' என்று பெரிதாக எழுதிவைத்தார். கேள்விக்குறிக்குப் பலகையில் இடம் போதவில்லையாம்.

அடுத்த சனிக்கிழமை மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. பெல்ட் கொக்கி வந்தது. சைக்கிள் மணி வந்தது. பால்காரர் ஒரு சோடா மூடியை நீட்டினார்.

"இது ரோமானியம் இல்லைங்க."

"தொப்பிக்காரருதுக்கு மட்டும் மரியாதை, என்னுது இளப்பமா?"

அவருக்குப் பின்னால் நின்ற தையற்காரம்மா, கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்த சுட்ட மண் ஓடு ஒன்றைத் தூக்கமுடியாமல் தூக்கி வந்து வைத்தார். ஓட்டின் மேல் ஒரு நாய் நடந்து போன தடம். களிமண் காய்வதற்குள் எந்த ஊர் நாயோ அவசரமாகக் கடந்து போயிருக்கிறது. அசல் ரோமானிய ஓடு. பதிவம்மா அதைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"இதுதாங்க உண்மையானது."

"அப்ப மத்ததெல்லாம்?" என்றார் பால்காரர்.

பதிவம்மா கேமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அதன்பின் நல்ல பொருட்களாகவே வந்தன. காசுகள், ஒரு விளக்கின் மூக்கு, இன்னும் நாலைந்து ஓடுகள். வரைபடம் சிவந்தது. மேசையைத் தூக்கும் பேச்சே இல்லை. மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி போட்ட மோதிரத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவேண்டும் என்றார்.

"பெட்டியிலயா?" என்று தயங்கினார் பெரியவர். "வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேனே."

"என்ன அடக்கம் பாருங்க" என்று மேலாளர் வாங்கி வைத்துக்கொண்டார்.

வாஷரின் ஒரு பக்கத்தில் 15 என்று அளவு குத்தியிருந்தது. பதிவம்மா அந்தப் பக்கத்தைக் கீழே கவிழ்த்து வைத்தாள். இரண்டு பக்கமும் தெரியட்டும் என்று மேலாளர் அடியில் முகம்பார்க்கும் கண்ணாடி பதித்தார். அவள் பெட்டிக்குள்ளிருந்த பல்பைத் திருகித் தளர்த்தினாள். அவர் ஒரு டார்ச் விளக்கைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். பதிவில் இருந்தபடியே பெயர் அட்டையிலாவது கேள்விக்குறி இருக்கட்டும் என்று எழுதிவைத்தாள். "இது என்ன, அழகைக் கெடுக்குது" என்று அவர் அதைச் சுரண்டி எடுத்தார். கடைசியில், பெட்டியைத் திறந்துவைக்க ரோமானிய வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரையே அழைத்துவிட்டார்.

விழாவுக்கு முந்தின நாள் பதிவம்மா கண்ணை மூடி, "ஆண்டவனே, யார் மனசும் நோகாம இதைச் சொல்ல ஒரு வழி காட்டு" என்று வேண்டிக்கொண்டாள். வழி தெரியவில்லை. சொல்லியாக வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. ஒரு புள்ளி பொய் என்று வெளியானால், தையற்காரம்மாவின் நாய்த்தடத்தைக்கூட நாளைக்கு எவரும் நம்பமாட்டார்கள். சொன்னாலோ, அந்தத் தொப்பிக்காரர் ஊர் முன்னால் தலைகுனிந்து நிற்பார்.

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பெரியவர், பக்கத்தில் அவர் மனைவி. பேராசிரியர் டார்ச்சை எடுத்துக்கொண்டு பெட்டியின் மேல் குனிந்தார். "அடியில ஏதோ எழுத்து தெரியுதே" என்றார்.

பதிவம்மா குறுக்கே போய் நின்றாள்.

"ஐயா, அது மோதிரம் இல்ல. வாஷர்."

மேலாளர் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இவர் மேல ஒரு தப்பும் இல்லைங்க. ஆசையாக் கொண்டுவந்தார். பாவம், ஏமாந்து போயிடுவாரேன்னு நான்தான் மோதிரம்னு சொன்னேன். என் வேலையை எடுத்துக்குங்க. அந்த ஓடும் காசும் நிஜம், அதை மட்டும் தள்ளிடாதீங்க." பிறகு பெரியவரிடம் திரும்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது. "உங்க சந்தோஷத்தைக் கெடுத்துட்டேன். மன்னிச்சுடுங்க."

பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு செருப்பைப் பார்த்தார். அவர் மனைவிதான் நீண்ட பெருமூச்சோடு எழுந்து வந்து, பதிவம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ அழாதம்மா. ஆள் இல்லாத மேசையில நீ ஈ ஓட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கறதப் பாக்கப் பொறுக்காம, வெறுங்கையோட எப்படிப் போறதுன்னு இவர்தான் எங்க சமையலறைக் குழாயிலேருந்து அதைக் கழட்டிட்டு வந்தார். இப்பவாவது திருப்பிக் குடுத்தீன்னா, வீட்டுல தண்ணி ஒழுகறது நிக்கும்."