ஞாயிற்றுக்கிழமைக்குள் தேற வேண்டிய கோழி

கோழி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. ராதாகிருஷ்ணன் கோழியையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் பால் பொங்கி, வழிந்து, கருகி, நாற்றம் பக்கத்து வீடு வரைக்கும் போயும் இருவரும் திரும்பவில்லை.

முந்தின இரவு பின்பக்கத்துக் கூட்டுக்குள் மூசாங் புகுந்துவிட்டது. அவர் துடைப்பத்தோடு ஓடிப்போனபோது அந்த மரநாய் வேலி தாண்டித் தேயிலைக்குள் மறைந்துகொண்டிருந்தது. கூட்டில் மிச்சமிருந்தது, கழுத்தில் கீறலும் வால் இருந்த இடத்தில் வெறும் இடமுமாக இந்த ஒரு கோழி. துரைசானி என்று பெயர். மேனேஜர் பங்களா அம்மாளைப் போலத் தரையைத் தொட்டும் தொடாமலும் நடக்கும். இப்போது நடக்கவில்லை. தின்னவில்லை. கண்ணைக்கூட எப்போதாவது நினைத்துக்கொண்டால் ஒரு தரம்தான் மூடித் திறந்தது.

கோழியின் சொந்தக்காரி, அவர் மனைவி நவமணி, மகள் கங்காவின் பிள்ளைப்பேற்றுக்காக ஈப்போவில் இருந்தாள். அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவதுதான் யோக்கியம் என்று அவர் நினைத்தார். அது முதல் தப்பு.

போனில் விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் அழுகை. ராதாகிருஷ்ணன் எஸ்டேட்டில் கொழுந்து லோரி ஓட்டுபவர். லோரியோடு பள்ளத்தில் இறங்கி, தலையில் கட்டோடு வீட்டுக்கு வந்தவர். அன்றைக்குக்கூட அவள் அழவில்லை.

“நான் முனியாண்டிக்கு நேந்துக்கிட்டேங்க” என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “துரைசானி பொழைச்சு எந்திரிச்சு நடக்கணும். ஞாயித்துக்கெழம நான் நேரா கோயிலுக்கு வந்துடுறேன். நீங்க அதத் தூக்கிக்கிட்டு வந்துருங்க.”

“என்னான்னு நேந்துக்கிட்ட?”

“அது எனக்கும் சாமிக்கும் உள்ளது. நீங்க கோழியப் பாருங்க.”

கேட்டிருக்கவே வேண்டாம். மலைச்சரிவில் மரத்தடியில் நிற்கிற முனியாண்டியிடம் போன கோழி எதுவும் நடந்து வீடு திரும்பியதாக எஸ்டேட் சரித்திரத்தில் இல்லை. போன வருஷம் நவமணி கையில் தீனி வைத்து வளர்த்த சேவலே போயிற்று. சாயங்காலம் கறியைப் பங்கு வைத்தபோது கால் துண்டு எங்கே என்று கேட்டவளும் அவள்தான்.

ஆக, தேறாவிட்டால் கோழி செத்துப்போகும். தேறிவிட்டால் வெட்டிவிடுவார்கள். நடுவில் உட்கார்ந்து வைத்தியம் பார்க்க வேண்டியது ராதாகிருஷ்ணன்.

பக்கத்து வீட்டுக் கொர்னேலியஸ், தேயிலை ஃபேக்டரி மெக்கானிக், இதில் சிக்கல் எதையும் காணவில்லை. “நாங்க கிறிஸ்மஸுக்கு முன்னால வாத்துக்கு நல்லாத்தான் தீனி போடுறோம். அதுகிட்ட காரணம் சொல்லிக்கிட்டா இருக்கோம், லா?” என்றார்.

அவர் மனைவி ரோஸ்மேரிதான் உருப்படியாக ஏதாவது சொன்னாள். அவள் தானா ராத்தாவில் ஒரு கிளினிக்கில் வேலை பார்ப்பவள்.

“காயம் பெருசில்லண்ணே. பயத்துல ஒறைஞ்சு போயிருக்கு. இருட்டு வேணும், சூடு வேணும், சத்தம் ஆவாது. சீனித் தண்ணி கொஞ்சூண்டு குடுங்க. சும்மா சும்மா போய் அது மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க.”

எல்லாவற்றையும் அவர் அப்படியே செய்தார். ஒவ்வொன்றையும் கொஞ்சம் கூடுதலாகச் செய்ததுதான் வினை.

சூட்டுக்காக அட்டைப் பெட்டிக்குள் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டார். கேமரன் மலைக் குளிருக்கு ஒரு பல்பு போதுமா என்று இன்னொன்றையும் தொங்கவிட்டார். பெட்டி புகைந்தது. துரைசானி வாயைத் திறந்து முதல் சத்தம் போட்டு, அடுப்புக்குக் கீழே நின்ற கேஸ் தோங்குக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது.

சத்தம் கூடாது என்பதற்காகத் தொலைக்காட்சி, ரேடியோ, சுவர்க் கடிகாரம் எல்லாவற்றையும் நிறுத்தினார். இருமல் வந்தால் தெருவுக்குப் போய் இருமினார். ராதாகிருஷ்ணன் வீட்டில் இத்தனை அமைதி இருந்து யாரும் பார்த்ததில்லை. ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோய் வரிசை வீட்டு லயமே திரண்டு வந்தது. எல்லாரும் சமையலறைக்குள் நுழைந்து, குனிந்து, கோழியின் முகத்தைப் பார்த்தார்கள். கோழி கழுத்தைத் தொங்கப் போட்டுவிட்டது.

சீனித் தண்ணீரைக் கரண்டியில் புகட்டினார். உள்ளே போனது கொஞ்சம், நெஞ்சில் வழிந்தது மீதி. காலையில் கோழி மேல் எறும்பு ஊர்ந்தது. எறும்பைப் போக்க வெந்நீரில் குளிப்பாட்டினார். நனைந்த கோழி அந்தப் பனியில் நடுங்கிய நடுக்கத்தைப் பார்த்து அவருக்கே கண் கலங்கிவிட்டது. வேறு வழி தெரியாமல் ஜாக்கெட்டைத் திறந்து நெஞ்சோடு வைத்து இழுத்து மூடிக்கொண்டு, அப்படியே வேலைக்குப் போய்விட்டார்.

கொழுந்து லோரி வளைவில் ஏறும்போதெல்லாம் ஜாக்கெட்டுக்குள் ஒரு சின்ன இதயம் அடித்துக்கொண்டது. அவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓட்டினார். மேனேஜரைப் பற்றி, மழையைப் பற்றி, தன் முட்டி வலியைப் பற்றி. வீட்டில் இவ்வளவையும் யாரும் பொறுமையாகக் கேட்டதில்லை. மேல் மலையில் லோரியை நிறுத்தி நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தபோது, ஜாக்கெட்டின் கழுத்து வழியாக ஒரு தலை வெளியே வந்தது. சோற்றைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. கொத்தியது.

“தின்னு, தாயி” என்றார் ராதாகிருஷ்ணன்.

பொட்டலம் காலியான பிறகுதான் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. சோற்றில் கொத்திய ஒவ்வொரு கொத்தும் கழுத்தில் விழப் போகிற வெட்டாகத் தெரிந்தது.

அன்றிலிருந்து அவர் வைத்தியத்தை நிறுத்திவிட்டுப் பொய்யைத் தொடங்கினார். இன்னும் அப்படியேதான் கிடக்கிறது, பிழைப்பது கஷ்டம் என்று நவமணியிடம் சொன்னார். அவள் வீடியோவில் காட்டச் சொன்னாள். துரைசானியைத் துண்டால் போர்த்தி, மடியில் சாய்த்து, தலையை மட்டும் வெளியே விட்டார். முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளச் சொல்லிக் காதருகில் கெஞ்சியும் வைத்தார்.

கோழி அவர் மடியிலேயே முட்டை இட்டது. இட்டதோடு விடாமல், துண்டை உதறி மேஜை மேல் ஏறி, லயம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தது.

“முனியாண்டி கண்ணத் தொறந்துட்டாருங்க” என்று நவமணி அழுதாள். “ஞாயித்துக்கெழம மறந்துறாதீங்க. ஆளுக்கெல்லாம் சொல்லி வச்சிட்டேன்.”

ஆளுக்கெல்லாம் என்றால் எத்தனை பேருக்கு? ஒரு கோழியில் எத்தனை துண்டு போடுவார்கள்? அந்தக் கணக்கை நினைத்ததிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவர்தான். துரைசானி பக்கத்தில் வந்து நின்று அவர் முகத்தையே பார்த்தது.

சனிக்கிழமை அவர் ஒரு முடிவுக்கு வந்தார். பிரிஞ்சாங் பாசாருக்குப் போய், அதே சிவப்பில், அதே பருமனில் ஒரு கம்போங் நாட்டுக் கோழி வாங்கினார். துரைசானியைக் கொர்னேலியஸ் வீட்டில் ஒளித்து வைத்தார். யார் கேட்டாலும் இல்லை என்று சொல்ல வேண்டும் என்றார். பொய் சொன்னால் பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் சொல்ல வேண்டிவரும், அதற்கு ஒரு முட்டை போதாது என்றார் கொர்னேலியஸ். நாலு முட்டைக்கு ஒத்துக்கொண்டார்.

புதுக் கோழிக்கு வால் இருந்தது. அது ஒன்றுதான் குறை. கத்தரிக்கோலை எடுத்து, மன்னித்துக்கொள் என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நறுக்கினார். கண்ணைத் திறந்தபோது புதுக் கோழி அசையாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தின்னவில்லை. குடிக்கவில்லை. ராதாகிருஷ்ணன் அதை எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். விடிவதற்குள் அந்த நெஞ்சுத் துடிப்பும் அவருக்குப் பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் பனி இறங்கியிருந்தது. பூசாரி சூடம் ஏற்றிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில், இதுவரை கோயிலில் பார்த்திராத ஒரு ஆள் குந்தியிருந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். சின்னக் கத்தி. அவன் காலடியில் ஒரு பேசினில் தண்ணீர். ராதாகிருஷ்ணன் ஜாக்கெட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நவமணி ஈப்போவிலிருந்து டாக்சியில் வந்து இறங்கினாள். கையில் மாலை. ஓட்டமாக வந்து ஜாக்கெட்டைத் திறந்து கோழியை வெளியே எடுத்தாள். முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தாள்.

“இது யாருங்க?”

“துரைசானிதான். கொஞ்சம் எளைச்சிருச்சு.”

“எனக்கா தெரியாது? எங்க என் கோழி? செத்துப் போச்சா? நெசத்தச் சொல்லுங்க.”

பூசாரி சூடத்தட்டோடு திரும்பிப் பார்த்தார். கத்தி தீட்டுவது நின்றது. செத்துப்போனது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ராதாகிருஷ்ணனும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் நவமணியின் உதடு துடித்துக்கொண்டிருந்தது.

“சாகலடி. கொர்னேலியஸ் வீட்டுல இருக்கு. நல்லா தின்னுது, நடக்குது, முட்ட விடுது. ஆனா அதத் தரமாட்டேன். நெஞ்சுல வச்சிக் காப்பாத்தினவன் நானு. வெட்றதுக்கு என் கையால குடுக்க முடியாது. இதையும் குடுக்க முடியாது, கொண்டா. இதுக்கும் இப்ப ஒடம்பு சரியில்ல. சாமிக்குக் கோவம்னா என்மேல வரட்டும்.”

கோழியைப் பிடுங்கி ஜாக்கெட்டுக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். அது பாதியிலேயே சிக்கிக்கொண்டது.

நவமணி அவரையே பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த பார்வை அது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டு, கத்தி வைத்திருந்தவனைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அவன் எழுந்து பேசினை முன்னால் நகர்த்தி வைத்தான்.

“கோழிய யாருண்ணே கேட்டா? அது பொழைச்சா ஒங்களுக்கு மொட்ட போடுறதா அக்கா நேந்திருக்காங்க, வந்து உக்காருங்க.”