முனகும் தரைக்கு ஓர் எஸ்டிமேட்

கட்டிலிலிருந்து குளியலறைக்கு இருபத்தாறு பலகைகள். அவற்றில் ஒன்பது மிதித்தால் முனகும். எந்த ஒன்பது என்பது நூலகருக்கு மனப்பாடம். விடிந்து வெகுநேரமாகியும் அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, எதில் கால் வைப்பது, எதைத் தாண்டுவது என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். அறுபத்து மூன்று வயதில் பல் தேய்க்கப் போவதற்குப் போர்த்திட்டம் வகுக்க வேண்டிவரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"கடவுளே, இன்னைக்கு ஒரு நாளாவது" என்று முணுமுணுத்துவிட்டு எழுந்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதைத் தாண்டி ஐந்தில் கால் வைத்தார். எப்போதும் ஊமையாக இருக்கும் ஐந்து, அன்றைக்கென்று வாய் திறந்தது.

'க்ர்ர்ரீச்.'

கீழ்வீட்டிலிருந்து பதில் வந்தது. டொக், டொக்.

ஒற்றைக் காலில் நின்றபடியே நூலகர் கண்களை மூடிக்கொண்டார்.

கீழ்வீட்டு அம்மாள் குடிவந்து ஐந்து மாதமாகிறது. நூலகர் அவரைப் பார்த்ததில்லை. தனியாக இருக்கிறார், கால் சரியில்லை, கைத்தடி ஊன்றித்தான் நடக்கிறார், வெளியே வருவதில்லை என்று தபால்காரர் சொல்லித் தெரியும். அந்தக் கைத்தடிதான் கூரையைத் தட்டுகிறது.

இரண்டு தட்டுக்கு என்ன பொருள் என்பதை நூலகருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முப்பத்தொரு வருடம் அவர் நகர நூலகத்தின் வாசிப்பறையில் உட்கார்ந்திருந்தவர். யாராவது குரல் உயர்த்தினால், நாற்காலியை இழுத்தால், அளவுக்கு மீறி இருமினால்கூட, பென்சிலின் பின்பக்கத்தால் மேஜையில் இரண்டு முறை தட்டுவார். டொக், டொக். அதோடு அறை அடங்கிவிடும். அப்படி அடக்கப்பட்டவர்களின் முகங்களெல்லாம் இப்போது அவருக்கு நினைவு வந்தன. ஒருவர்கூட மேஜைக்கு வந்து பேசியதில்லை. தலையைக் குனிந்துகொண்டார்கள், அவ்வளவுதான். அவரும் அதையே செய்தார். கீழ்வீட்டு வாசலைக் கடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மனைவி இருந்தவரை இந்தத் தரை முனகியதே அவர் காதில் விழுந்ததில்லை. இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும் வீட்டில் பலகை பேசுவது யாருக்குக் கேட்கும்? மனைவி போய் இரண்டு வருடமாகிறது. இப்போது வீட்டில் பேசுவது பலகைகள் மட்டும்தான். அதற்கும் கீழேயிருந்து தடை.

முதலில் கம்பளிக் காலுறை வாங்கினார். முனகல் குறையவில்லை, ஆனால் பதினாறாவது பலகையில் வழுக்கி, ஸ்டூலோடும் வாளியோடும் விழுந்தார். கீழேயிருந்து நான்கு தட்டு வந்தது. தண்டனை இரட்டிப்பாகிவிட்டது என்று புரிந்துகொண்டார்.

பலகை இடுக்கில் முகப்பவுடர் தூவினால் சத்தம் போகும் என்று எங்கோ படித்திருந்தார். இரண்டு டப்பா தூவினார். நான்காவது பலகை அடங்கியது. அதன் பங்கையும் சேர்த்து ஐந்தாவது முனக ஆரம்பித்தது. அன்று முழுக்க வீடு குளித்து முடித்த குழந்தையைப் போல மணத்தது. வெள்ளைக் காலடித் தடங்கள் சமையலறை வரை போய்த் தனியாகத் திரும்பி வந்தன.

"இனிமே நிபுணர்களைத்தான் கூப்பிடணும்" என்று நூலகர் முடிவு செய்தார்.

முதலில் வந்தவர் பெரிய கம்பெனிக்காரர். சிவப்பு ஒளி அடிக்கும் கருவியைச் சுவரில் காட்டி ஒரு நிமிடத்தில் அளந்துவிட்டார்.

"எழுநூத்திப் பத்து சதுர அடி சார். பழைய வார்னிஷைத் தேய்ச்சு எடுக்க ஒரு ரேட்டு. தூசி அள்ள ஒரு ரேட்டு. மூணு கோட்டு புது வார்னிஷ். ஜன்னல் ஓரம் கறுத்துப் போயிருக்கு, அதுக்குத் தனி."

"முனகலுக்கு?"

"அது எங்க லிஸ்ட்லயே இல்லையே சார். நாங்க பாக்கறதுக்கு அழகாப் பண்ணிக் குடுப்போம்."

"பாக்கறதுக்கு இங்க யாரு இருக்கா" என்றார் நூலகர், பாதி தனக்கே.

கம்பெனிக்காரர் தாளில் எதையோ குறித்துக்கொண்டார். "வார்னிஷ் நெடி போற வரைக்கும் அஞ்சு நாள் வேற எங்கயாவது தங்கிக்கணும். சொந்தக்காரங்க வீடு, சிநேகிதங்க வீடு…"

நூலகர் யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். கம்பெனிக்காரர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"லாட்ஜ் வாடகையையும் எஸ்டிமேட்ல சேத்துக்கங்க" என்றார் நூலகர் கடைசியில்.

மொத்தம் அவருடைய மூன்று மாத ஓய்வூதியத்தைத் தாண்டியது. போதாக்குறைக்கு, "அலமாரிக்கு அடியில பலகை எப்படி இருக்குன்னு பாக்காம கடைசி ரேட்டு சொல்ல முடியாது, நகர்த்தி வையுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நூலகர் அந்தப் புத்தக அலமாரியைத் தனியாளாக நகர்த்தினார். யானையைக் கட்டாந்தரையில் இழுத்துப்போவது போல ஒரு சத்தம் எழுந்தது. கீழேயிருந்து தட்டல் நிற்கவே இல்லை. அவர் பதறிப்போய்த் தரையில் மண்டியிட்டு, பலகை இடுக்கில் வாயை வைத்து, "மன்னிச்சுக்கங்கம்மா! இனிமே நகர்த்த மாட்டேன்மா!" என்றார்.

தட்டல் நின்றது. சற்றுப் பொறுத்து, மெதுவாக ஒரே ஒரு தட்டு.

'கடைசி எச்சரிக்கை' என்று நினைத்தார் நூலகர்.

ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்தாள்.

"டிக்கெட் போட்டாச்சாப்பா?"

"போடணும்மா."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. பாப்பா சோபாவைப் புடிச்சுக்கிட்டு நடக்கறா. நீங்க அவ ஓட ஆரம்பிச்சப்புறம்தான் வரப்போறீங்களா?"

"இல்லம்மா, வீட்ல கொஞ்சம் தரை வேலை…"

"தரைக்கு என்ன?"

"வயசாயிடுச்சு."

"ஏம்பா இப்படிக் குசுகுசுன்னு பேசறீங்க? உடம்பு சரியில்லையா?"

"கீழ கேக்கும்மா."

பேத்தியைப் பார்க்கப் போவதற்காக ஒன்றரை வருடமாகச் சேர்த்த பணம் மேஜை இழுப்பறையில், பழுப்பு உறையில் இருந்தது. அந்தப் பணத்தைத் தரைக்குக் கொடுத்தால் பயணம் அடுத்த வருடம்தான். குழந்தை தத்தித் தத்தி நடப்பது அடுத்த வருடம்வரை காத்திருக்காது. ஆனால் கால் முடியாத ஒரு மனுஷி, இவருடைய காலடிச் சத்தத்தால் தினம் தினம் நிம்மதி கெட்டுக் கிடக்கிறார் என்ற நினைப்போடு பேத்தியின் நடையை எப்படி ரசிப்பது? நல்ல மனிதர்களுக்கு வரும் சங்கடங்களில் பாதி, பிறர் மனதைத் தாங்களே எழுதி, தாங்களே வாசித்துக்கொள்வதால் வருவது.

திங்கட்கிழமை அவர் கடைசி வழியைக் கையாண்டார். நடப்பதில்லை. தண்ணீர்க் கூஜாவையும் ரொட்டியையும் கட்டிலிலேயே வைத்துக்கொண்டு, ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டார். வீடு அப்படியே உறைந்து கிடந்தது. பக்கத்தைப் புரட்டும் சத்தம்கூட அவருக்கே அதிகமாகப் பட்டது.

பதினோரு மணிக்குக் கீழேயிருந்து, டொக், டொக்.

நூலகர் திடுக்கிட்டார். அவர் அசையவே இல்லையே!

பன்னிரண்டுக்கு மறுபடி. ஒரு மணிக்கு இன்னும் பலமாக. இரண்டு மணிக்குத் தட்டல் படுக்கையறைக்கு அடியிலிருந்து கூடத்துக்கு அடியிலும், அங்கிருந்து சமையலறைக்கு அடியிலும் நகர்ந்து நகர்ந்து வந்தது.

"மூச்சு விடறதும் கேக்குது போல" என்று நூலகர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கட்டில் லேசாக முனகியது. உடனே ஒரு தட்டு, பிறகு அமைதி.

அன்று சாயங்காலமே சைக்கிள் கடையில் விசாரித்து, தனியாளாக வேலை செய்யும் ஒரு தரைக்காரரைக் கூப்பிட்டார்.

தரைக்காரர் மறுநாள் காலை வந்தார். காதில் பென்சில், சட்டைப்பையில் சாக்குக்கட்டி, முழங்காலில் தோல் ஒட்டு. கருவி எதுவும் இல்லை. வந்ததும் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டார். குடிக்கப்போகிறார் என்று நூலகர் நினைத்தார். அவர் மூன்று சொட்டைத் தரையில் விட்டுவிட்டுக் குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

"குடிக்குது சார். நல்ல தாகம். வார்னிஷ் இருந்தா சொட்டு அப்படியே நிக்கும்."

"ஓஹோ" என்றார் நூலகர், ரகசியக் குரலில்.

"தொண்டை கட்டியிருக்கா சார்?"

"இல்லை. கீழ கேக்கும்."

தரைக்காரரும் குரலைத் தாழ்த்தினார். "சரி, நீங்க நடங்க. எது சத்தம் போடுதோ அதுல நான் கோடு போடறேன்."

"நீங்களே நடந்து பாருங்களேன்."

"வீட்டுக்காரங்க நடந்தாத்தான் சார் தரை உண்மையைச் சொல்லும். உங்க எடைக்கும் உங்க நடைக்கும் பழகின பலகை இது."

நூலகர் நடந்தார். பலகைகள் முனகின. கீழேயிருந்து தட்டியது. அவர் நின்றார். தரைக்காரர் காதைக் கூர்மையாக்கிக்கொண்டார்.

"யாரது?"

"அவங்கதான். அவங்களுக்காகத்தான் இந்த வேலையே. நின்னாலும் தட்டறாங்க, நடந்தாலும் தட்டறாங்க. எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, இந்தத் தரை வாயைத் திறக்கக் கூடாது."

தரைக்காரர் பலகையைத் தட்டிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். "அடியில ஓடற கட்டை எங்கயோ தளர்ந்திருக்கு சார். மேல நின்னு கண்டுபிடிக்க முடியாது. கீழ்வீட்டுல நின்னு கூரையைக் கேக்கணும். நான் போறேன். போன்ல சொல்றேன், நீங்க நடங்க."

"வேண்டாங்க! அந்தம்மா உங்களையும் திட்டப்போறாங்க!"

"திட்டு வாங்காத தொழில் ஏது சார்" என்றபடி தரைக்காரர் இறங்கிப் போய்விட்டார்.

நூலகர் கூடத்தின் நடுவில், சாக்குக்கட்டிக் கோடுகளுக்கு மத்தியில் நின்றார். கீழே கதவு திறந்தது. பேச்சுக்குரல். போன் அடித்தது.

"நடங்க சார்."

நடந்தார். க்ரீச். டொக், டொக். நின்றார்.

"ஏன் நின்னுட்டீங்க?"

"தட்டறாங்களே!"

"ஆமா, என் பக்கத்துலதான் நின்னு தட்டறாங்க. நீங்க நடங்க."

"கோவமா இருக்காங்களா?"

யாரோ ஏதோ கேட்பதும் தரைக்காரர் ஏதோ சொல்வதும் போனில் மங்கலாகக் காதில் விழுந்தன. கப்பும் சாஸரும் உரசும் சத்தம்.

"சார், டீ குடுத்திருக்காங்க. கொஞ்சம் இருங்க" என்று போனை வைத்துவிட்டார்.

கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. டீ குடிக்க அரை மணியா? ஐந்து மாதக் குற்றச்சாட்டுகளையும் அந்த அம்மாள் தேதிவாரியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று நூலகருக்குப் பட்டது. பவுடர் தூவிய அன்று, வாளியோடு விழுந்த அன்று, அலமாரி நகர்ந்த அன்று. அவர் இழுப்பறையைத் திறந்து பழுப்பு உறையை எடுத்தார். அதன்மேல் 'பாப்பா' என்று அவர் கையாலேயே எழுதியிருந்ததை ஒரு முறை பார்த்தார். எழுத்து உள்பக்கம் போகும்படி இரண்டாக மடித்துக்கொண்டார்.

படிக்கட்டில் காலடி கேட்டது. தரைக்காரர் உள்ளே வந்தார். முகத்தில் ஒரு மாதிரியான யோசனை. நேராகத் தண்ணீர்த் தம்ளரை எடுத்து, இந்தமுறை குடித்தார்.

"தளர்ந்த இடம் தெரிஞ்சுதா?" என்றார் நூலகர்.

"தெரிஞ்சுது சார்."

"எவ்வளவு ஆகும்? தயங்காம சொல்லுங்க. பணம் ரெடியா இருக்கு." உறையை நீட்டினார்.

தரைக்காரர் அதை வாங்கவில்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்தார், பார்த்தார், மறுபடி காதிலேயே செருகிக்கொண்டார்.

"ஒரு சிக்கல் சார். மேல வீட்டுக்கு எஸ்டிமேட் போட வந்தேன். கீழ்வீட்டுலயும் ஒரு எஸ்டிமேட் கேட்டுட்டாங்க."

"அவங்க தரைக்கா? அது சிமெண்டுத் தரையாச்சே?"

"அவங்க தரைக்கு இல்லை."

"பின்னே?"

தரைக்காரர் குரலைத் தாழ்த்தாமல், கீழே கேட்கும்படியாகவே சொன்னார்:

"இந்த வேலையைச் செய்யாம இருக்க நான் எவ்வளவு வாங்குவேன்னு கேக்கறாங்க சார், நீங்க மேல நடக்கறது கேட்டதும் 'நானும் இருக்கேன்'னு தட்டறதுதான் அவங்க ஒரு நாளைக்குப் பேசற மொத்தப் பேச்சாம்."