சுக்கான் பிடிக்கு மரம் எடுத்த கதை

இனி எந்தத் தப்புக்கும் தான் பொறுப்பில்லை என்று அவர் முடிவெடுத்தது ஒரு காலை நேரம், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது. வாயில் நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை.

இன்சூரன்ஸ் ஆபீசில் அவருக்கு வேலையே அதுதான். யாருடைய வண்டி யாருடைய சுவரை இடித்தாலும், தப்பு கம்பெனி மேல் இல்லை என்று எழுதிக் கொடுப்பார். அப்பேர்ப்பட்டவர் போன ஞாயிற்றுக்கிழமை படகுத்துறையில், அத்தனை பேர் பார்க்க, கையில் ஒடிந்த கட்டையோடு நின்றார். படகின் சுக்கானைத் திருப்புகிற பிடி அது. பளபளப்பைப் பார்த்து அவரே வாங்கி, அவரே இழைத்து, அவரே மாட்டியது. திருப்பத்தில் படக்கென்று ஒடிந்து, படகு நேரே போய்த் துறையை முட்டியது.

படகு அவருக்கும் மனைவியின் அண்ணனுக்கும் பொது. அண்ணன் நெற்றிப் புடைப்பைத் தடவிக்கொண்டே சொல்லிவிட்டார்.

"மாப்பிள்ளை, இன்னொரு தடவை ஒடிஞ்சா சுக்கான் பிடிக்கிற பின்சீட்டு எனக்கு. நீங்க பாய்க்கயிறு பிடிங்க."

பின்சீட்டு போய்விட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? இந்த உலகத்தில் அவர் சொன்ன பக்கம் திரும்புகிற ஒரே ஜீவன் அந்தப் படகுதான்.

வாயைக் கொப்பளித்துவிட்டுச் சமையலறைக்கு வந்தார்.

"ஏம்மா, இந்தத் தடவை மரத்தை நீயே பாத்து எடேன்."

"எனக்கென்ன தெரியும் மரத்தைப் பத்தி?"

"உனக்கா தெரியாது? ஒவ்வொரு தக்காளியா அமுக்கிப் பாத்து கடைக்காரனை அழ வைக்கிறவ நீ."

"மரத்தை அமுக்க முடியாதே."

"எப்படி வேணா பாரு. நான் வாயே திறக்கல."

மனைவி அடுப்பைக் குறைத்தாள். அவர் வாயே திறக்காமல் இருக்கப்போகிறார் என்றால் விஷயம் இருக்கிறது.

"ஒடிஞ்சா?"

"நீ எடுத்தா ஒடியுமா?"

"ஒடிஞ்சா யார் எடுத்ததுன்னு சொல்வீங்க?"

"சே! நான் அப்படிப்பட்டவனா?"

அப்படிப்பட்டவர்தான். அன்று சாயங்காலத்துக்குள் அண்ணனிடமும் அடுத்த வீட்டுக்காரரிடமும் படகுத்துறைக் காவலாளியிடமும் மரம் எடுப்பது மனைவி என்று சொல்லி முடித்துவிட்டார்.

மரக்கடைக்குள் அவர் காலே வைக்கவில்லை. எதிர்ச்சாரியில் டீயோடு நின்றுகொண்டார். உள்ளே அவள் தச்சரை ஒவ்வொரு கட்டையாக இறக்கவைத்தாள்.

"இது வேண்டாம். நடுவுல கணு இருக்கு."

"அழகா இருக்கும்மா அது."

"என் வீட்டுக்காரரும் அழகாத்தான் எடுத்தார். துறையில போய்ப் பாருங்க, இடிச்ச தடம் இருக்கு."

"சரி, இது?"

"வரி குறுக்கால ஓடுது. இப்படி ஓடினதுதான் துடைப்பக் கம்புல ஒடிஞ்சு என் கையைக் கிழிச்சுது. நீளவாக்குல ஓடறதா எடுங்க."

"இது?"

"ஈரமே காயல. தூக்கினாலே தெரியுதே!"

கடைசியில் மூலையிலிருந்து ஒரு கட்டை வந்தது. பார்க்க ஒரு லட்சணமும் இல்லை. வெட்டு முனையைப் பார்த்தாள், விரல் முட்டியால் தட்டினாள், ஒரு முனையைத் தரையில் ஊன்றி மேலே சாய்ந்து பார்த்தாள். "இதுதான்."

"யாரும்மா பிடிக்கப்போறது? கையளவு வேணும். உக்காந்தா மடிக்கு எவ்வளவு தூரம் வரணும்னும் பாக்கணும்."

அவள் வாசலுக்கு வந்தாள்.

"ஏங்க! அளவு எடுக்கணுமாம், வாங்க!"

அவர் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "நீயே குடு! எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல!"

"நிஜமாவா?"

"எழுதி வேணா தரேன்!"

"வேண்டாம், காதுல விழுந்துது" என்று உள்ளே போய், ஸ்டூலில் உட்கார்ந்து, கையை நீட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை புதுப் பிடியோடு படகு கிளம்பியது. பின்சீட்டின் வலப்பக்கம் உட்கார்ந்து, பிடியைத் தன் பக்கம் இழுத்தார்; பிடி வலப்பக்கம் வந்தால்தான் படகு இடப்பக்கம் திரும்பும். வந்தது, வந்தது, தொப்பையில் முட்டி நின்றது.

"மாப்பிள்ளை, இடது!"

"இடதுதான் திருப்பறேன் மச்சான்!"

படகு வலப்பக்கம் மட்டும் திரும்பியது. மூச்சை உள்ளே இழுத்தார். கொஞ்சம் இடப்பக்கம் போயிற்று. மூச்சை விட்டார்; பிடி வந்த வழியே திரும்பிப் போனது. எதிர்ப்பக்கம் மாறி உட்கார்ந்தார். இப்போது இடப்பக்கம் மட்டும் திரும்பியது. படகு சுற்றிச் சுற்றி, கிளம்பிய துறைக்கே அவரைக் கொண்டுவந்து சேர்த்தது.

துறையில் மனைவி நின்றிருந்தாள். தலையில் தொப்பி.

"யார் அளவுடி இது?"

"என் அளவுதான். உங்களைத்தான் கூப்பிட்டேனே?"

"அரை முழம் அறுத்துட்டா சரியாயிடும்."

"அறுப்பீங்களா?" அண்ணன் பிடியைத் தட்டிப் பார்த்தார். "இவ்வளவு நல்ல கட்டையையா? ரம்பம் வந்தா நான் குறுக்கே படுத்துடுவேன். நீ ஏறும்மா."

அவள் ஏறினாள். பின்சீட்டில் உட்கார்ந்தாள். பிடி அவள் மடிமேல் சொன்னபடி வந்தது, போனது. படகு இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கமும் திரும்பியது.

"அப்ப நான் எங்கே உக்கார்றது?"

"முன்னால போங்க" என்றாள் மனைவி. "அங்கதான் வெயிட்டு பத்தல."