கேன்சல் நைனாவின் அஞ்சு ரூபாய்

போகாத பயணத்துக்குச் சிரித்த முகத்தோடு காசைத் திருப்பிக் கொடுத்த மனிதர் இந்த நாட்டிலேயே ஒருவர்தான். அவர் அம்பத்தூரில் இருந்தார். போன மாதம் மகளைப் பார்க்க வெளிநாடு கிளம்பும்போது, பயணம் ரத்தானால் இன்ஷூரன்ஸ் எதற்குக் கொடுக்கும், எதற்குக் கொடுக்காது என்று ஒரு இளைஞர் எனக்கு ஒரு மணி நேரம் விளக்கினார். பாவம், அவருக்குத் தெரியாது. அந்தப் பாடத்தை நான் எண்பதுகளிலேயே கேன்சல் நைனாவிடம் படித்து முடித்துவிட்டேன்.

நைனாவுக்கு அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் அருகே ரேடியோ ரிப்பேர் கடை. எல்லோரையும் நைனா என்றே கூப்பிட்டு, அதுவே அவர் பெயரும் ஆகிவிட்டது. லீவு நாட்களில் டூரிஸ்ட் பஸ் பிடித்து, தொழிற்பேட்டைத் தொழிலாளர் குடும்பங்களை ஊர் சுற்றிக் காட்டுவார். ஒரு மாதம் திருப்பதி, மறுமாதம் வேளாங்கண்ணி. டிக்கெட்டோடு அஞ்சு ரூபாய் கூடக் கொடுத்தால், வர முடியாமல் போகிறவருக்கு முழுப் பணமும் வாபஸ். ஆனால் காரணம் சரியாக இருக்க வேண்டும். காய்ச்சல், அடிபடுதல், வீட்டில் சாவு ஆகியவை செல்லும். மற்றதெல்லாம் செல்லாது.

"ஒடம்பு மாறினா காசு உண்டு. மனசு மாறினா கெடையாது" என்பார். இன்ஷூரன்ஸ் இளைஞர் பதினெட்டுப் பக்கத்தில் சொன்னதும் இதைத்தான்.

ஒருவர் இருமிக்கொண்டே கடைக்கு வந்து, டிக்கெட்டை முன்பே வாங்கிவிட்டதாகவும், அந்த அஞ்சு ரூபாயை மட்டும் இப்போது கட்டுவதாகவும் சொன்னார். நைனா சால்டரிங் ராடைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நனைஞ்சப்புறம் கொடை வாங்க வந்துகிறியே நைனா" என்று சொல்லி, ஒரு இஞ்சி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

காரணத்தை அவரே நேரில் போய்ப் பார்ப்பார். காய்ச்சல் என்றால் சட்டைப் பையில் தெர்மாமீட்டரோடு வந்து நிற்பார். கூடவே சாத்துக்குடியும் இருக்கும். பாதரசம் ஏறினால் காசும் பழமும். ஏறாவிட்டால் பழம் மட்டும்.

என்னோடு லேத்தில் வேலை பார்த்த ஏகாம்பரம் திருப்பதிக்குப் பணம் கட்டியிருந்தான். பஸ் கிளம்பும் நாளன்றைக்கென்று டி.வி.யில் கிரிக்கெட் மேட்ச். முதல் நாளே, வேப்பம்பட்டில் அத்தை தவறிவிட்டதாகச் சொல்லி அனுப்பினான். நைனா ரோஜா மாலை வாங்கிக்கொண்டு ரயிலேறிவிட்டார். கதவைத் திறந்தது அத்தையேதான். கையில் முறம், முறத்தில் முருங்கைக்கீரை.

வேறு ஆளாக இருந்தால் அங்கேயே ரகளை ஆகியிருக்கும். நைனா மாலையை ஒருமுறை பார்த்தார், அத்தையை ஒருமுறை பார்த்தார். "திருப்பதி பெருமாளுக்கு வாங்கிக்கினு போறேம்மா. ஏகாம்பரம் சீட்டு காலியா கீது. நீங்க வர்றீங்களா?" என்றார்.

அத்தை வந்தார். மறுநாள் மருமகன் வீட்டுக்கு லட்டோடு போய், தன்னை அனுப்பி வைத்ததற்காக அவன் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். மேட்சில் நாம் தோற்றிருந்தோம். ஏகாம்பரம் அந்த லட்டை எப்படி விழுங்கினானோ தெரியாது.

நானும் தப்பவில்லை. கல்யாணமான புதிதில் வேளாங்கண்ணி போகக் கட்டியிருந்தோம். கிளம்புவதற்கு முதல் நாள் எனக்கும் எலிசாவுக்கும் அவள் தம்பி விஷயமாகப் பெரிய சண்டை. வரவில்லை என்று சொல்லப் போனேன். நைனா வீட்டுக்கே வந்து இரண்டு தரப்பையும் பொறுமையாகக் கேட்டார். இடையில் எங்கள் ரேடியோவையும் சரி செய்தார். கடைசியில், சண்டைக்குக் காசு கிடையாது, வேண்டுமானால் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்து வாருங்கள் என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் போனார். அப்படியே உட்கார்ந்தோம். எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலம் என் பையில், ஊறுகாய் அவள் பையில். திண்டிவனம் தாண்டுவதற்குள் சமாதானம்.

அப்புறம்தான் ஊட்டி வந்தது. எங்களில் பலருக்கும் அதுதான் முதல் மலை. பெண்கள் பக்கத்து வீடுகளில் ஸ்வெட்டர் இரவல் வாங்கி மடித்து வைத்திருந்தார்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் நைனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடையிலேயே சுருண்டு விழுந்தார். ஆவடியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து, அன்றைக்கே குடல்வால் ஆபரேஷன் செய்தார்கள். உள்ளேயே வெடித்திருந்ததால், பிழைப்பாரா என்பதே ஒரு நாள் முழுக்கத் தெரியவில்லை.

மறுநாள் மாலை ஏகாம்பரமும் நானும் இன்னும் சிலரும் போய்ப் பார்த்தோம். பேசக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக அவர் மனைவி சரோஜாக்கா சொல்லிக்கொண்டிருந்தார். நைனா பேசிக்கொண்டிருந்தார். பஸ் நாளைக்குக் காலையில் கிளம்ப வேண்டும், ஏகாம்பரம் முன்னால் உட்கார்ந்து கூட்டிப்போக வேண்டும் என்பது உத்தரவு.

"நீ இல்லாம யாரும் போவறதா இல்ல நைனா. பஸ்ஸு வோணாம்னு சொல்ட்டோம்" என்றான் ஏகாம்பரம்.

நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கிழிச்சது என் வயித்தை. உங்களுக்கு இன்னா கேடு? யாருக்குனா தையல் கீதா? இதுக்குக் காசு கெடையாது, தெரியுமில்ல?"

"யாரு நைனா காசு கேட்டா?"

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பிறகு, சரோஜாக்காவிடம் துண்டு கேட்டார். கண்ணில் மருந்து பட்டுவிட்டதாம்.

வாடகைக்கு வண்டி விடும் பூந்தமல்லி பஸ்காரர் விஷயம் கேட்டு, அட்வான்ஸைப் பிடித்துக்கொள்ளாமல் வண்டியை வேறு தேதிக்கு மாற்றிக் கொடுத்தார். மழைக்காலத்தில் போனோம். ஊட்டி முழுக்கப் பனி மூட்டம். மலையும் தெரியவில்லை, ஏரியும் தெரியவில்லை. முன் சீட்டில் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, எல்லோரும் ஏறியாச்சா என்று திரும்பித் திரும்பிப் பார்த்த அந்த முகம் மட்டும் தெரிந்தது. ஊட்டி நன்றாக இருந்ததா என்று யார் கேட்டாலும், எலிசா இன்றைக்கும் ரொம்ப நன்றாக இருந்தது என்றுதான் சொல்கிறாள்.